பல்லில் தட்டிப் பார்த்த கண்ணாடி

1989 ஜூலை 2, ஞாயிறு

இன்று முழுக்க எல்லோரும் வீட்டில் இருந்தோம். இந்தக் காலத்தில் அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுப் படித்து அவரை எழுப்பப் பார்த்தாள். வாரம் பூராவும் லொறி ஓட்டுகிற மனுசனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தாலாட்டுத்தான்.

மேசையில் அவருடைய கைக்கடிகாரம் கிடந்தது. தம்பி பொன்னையா கத்தாரிலிருந்து முதல் லீவில் வந்தபோது மச்சானுக்கென்று கொண்டுவந்தது. நீல முகம், இரும்புப் பட்டி, கிழமை அரபு எழுத்தில் வரும். கண்ணாடி முழுக்கக் கீறல். பாடசாலையில் ஹமீமா டீச்சர் ஒரு வைத்தியம் சொல்லியிருந்தாள்: "கொஞ்சம் பற்பசை எடுத்துத் துணியில வச்சித் தேச்சிப் பாருங்க டீச்சர். எங்க வாப்பாட வாச்சுக்கு நான் அப்பிடித்தான் செய்ற." தேய்த்தேன். நிஜமாகவே கீறல் போய்விட்டது! ஒன்றுகூட மிச்சமில்லை, நேற்று வாங்கினது மாதிரி மின்னியது.

எழுந்ததும் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு மாதிரிச் சிரித்தார், திருட்டுச் சிரிப்பு. "போதும் சந்திரா, ரொம்பத் தேய்க்காத" என்றார். பாராட்டுவார் என்று பார்த்தால்!

நாளையிலிருந்து கடையடைப்பு, மீறினால் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரர்கள் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்களாம். பாடசாலையும் இல்லை.

ஜூலை 5, புதன்

கடையடைப்பு இன்னும் முடியவில்லை. அவர் திங்களிலிருந்து வாசல் தாண்டவில்லை. பருப்பும் கங்குன் கீரையும்தான் சாப்பாடு. பாப்பாவுக்கு இப்போது எட்டாம் வாய்ப்பாடு.

ஜூலை 6, வியாழன்

விடியும்போதே நாவுலைக்குப் போய்விட்டார். மரக்கறி அழுகுகிறது என்று லொறிக்குச் சொந்தக்காரர் ஸக்கரியா முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். சாயந்தரம் வந்துவிடுவதாகச் சொன்னார்.

ஜூலை 7, வெள்ளி

வரவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

ஸக்கரியா முதலாளி தானே வீட்டுக்கு வந்தார். அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார். லொறி நாவுல தாண்டி ரோட்டோரத்தில் நிற்கிறது. சாவி அதிலேயே இருக்கிறது. கத்தரிக்காயும் போஞ்சியும் வாடிக் கிடக்கிறது. நம்பர் இல்லாத ஜீப் ஒன்று வந்து டிரைவரை ஏற்றிக்கொண்டு போனதைச் சோளம் விற்கிற ஒருத்தர் பார்த்திருக்கிறார்.

"நடராஜா யாருக்கும் ஒரு கெடுதி நினைக்காத மனுசன். நான் எல்லா எடமும் ஆள் அனுப்பியிரிக்கேன் மகள்."

ஆர்மியா, பொலிசா, கடையை அடைக்கச் சொன்னவர்களா? யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள்.

பாப்பாவிடம் அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். கொழும்பு ரோட்டே மூடிக்கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

எல்கடுவையிலிருந்து அத்தை வந்துவிட்டார். அவருடைய அம்மா. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த சேலை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "எம்புள்ள வர்ற வரைக்கும் இங்கதான்" என்றார். நான் பாடசாலைக்கும் பொலிசுக்கும் முகாமுக்கும் அலைகிறபோது பாப்பாவுக்குச் சோறு கொடுக்க ஓர் ஆள். கல்யாணமான புதிதில் அத்தையின் சுந்தரம்மா என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம். இன்று காலில் விழலாம் போலிருந்தது.

முகாம் வாசலில் படத்தைக் காட்டினேன். "இங்க இல்லை" என்றான் ஒரு சிப்பாய், படத்தைப் பார்க்காமலே.

ஜூலை 25, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பொலிசிலிருந்து வரச் சொன்னார்கள். அவருடைய அண்ணன், மூத்த மச்சான் அழகமுத்து, கூட வந்தார். சார்ஜன் ஒருவர், தலை நரைத்தவர், கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியும் என்றதும் அவருக்கு நிம்மதி. நாவுலைக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் ஓர் ஆணின் உடல். முகம் அடையாளம் தெரியாது. அடையாள அட்டை இல்லை. ஏற்கெனவே புதைத்துவிட்டார்கள். இது மட்டும் கையில் இருந்தது.

ஒரு காகித உறை. அதிலிருந்து விழுந்தது அவருடைய கைக்கடிகாரம்.

நீல முகம். இரும்புப் பட்டி. அரபு எழுத்தில் கிழமை. ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாக ஞாபகமில்லை. மச்சான் "ஐயோ தம்பி, தம்பி வாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சார்ஜன் ஒரு தாளை நகர்த்தி, இது கணவருடையதுதான் என்று கையெழுத்துப் போட்டால் மரணச் சான்றிதழ் கிடைக்கும், அதன் பிறகு நீங்கள் அலைய வேண்டியதில்லை என்றார். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. மச்சான் "போடு சந்திரா" என்றார். சார்ஜன் என் கையைப் பார்த்தார். "இன்றைக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

அவருக்கு நல்லது நடக்கட்டும். அந்தத் தாளை இழுத்துக்கொண்டாரே.

ஜூலை 26, புதன்

வீடு நிறையச் சனம். கருமாதிக்கு நாள் பார்க்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மனதைக் குடைகிறது. அந்தக் கண்ணாடி கன்னத்தில் பட்டபோது ஏன் அவ்வளவு குளிர்ந்தது? தண்ணீர்ச் செம்பு பட்ட மாதிரி. செத்தவன் கை வாச்சு குளிராம என்ன செய்யும்? நானே கேட்டுக்கொள்கிறேன், நானே பதில் சொல்கிறேன். இரும்பு குளிரும். ஆனால் குளிர்ந்தது இரும்பில்லை. கண்ணாடி. அவருடையதை எத்தனை நாள் கன்னத்துக்குக் கீழே வைத்துப் படுத்திருப்பேன், அவர் கைமேலே தலை வைத்து. இந்த வருசத்தில் விடியற்காலைக் குளிரில்கூட அது ஒரு நாளும் சுரீர் என்று பட்டதில்லையே.

பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு?

பின்னேரம்

குசினியில் ஒரு வேலை செய்தேன். என் கைக்கடிகாரத்தின் கண்ணாடியிலும் ஒரு கீறல் உண்டு, கிணற்றுக்கட்டில் பட்டது. பற்பசை வைத்துத் தேய்த்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். கீறல் அப்படியே இருக்கிறது. இம்மிகூடக் குறையவில்லை.

அவருடையதில் ஏன் போனது?

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். புருசன் செத்த வீட்டில் மருமகள் வாச்சுத் தேய்க்கிறாள் என்று திட்டுவார் என நினைத்தேன். "என்னா புள்ள தேடுற?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. "நாளைக்கி வாச்சுக் கடைக்காரரப் போய்க் கேளு. சனத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஜூலை 27, வியாழன்

பலீல் நானாவின் வாச்சுக் கடை பாதிக் கதவு திறந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் அவருக்கும் எட்டியிருக்கிறது என்று தெரிந்தது. நான் அழுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்: "நானா, அவரோட வாச்சுக் கண்ணாடி எதுல செஞ்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்.

"ஜனவரியில ஒடஞ்ச வாச்சோட வந்தாரு. டயர் மாத்தக்குள்ள ஜாக்கிக் கம்பி பட்டிச்சாம். உண்மையான கண்ணாடி கொழும்புல இருந்துதான் வரணும். ரோட்டு மூடியிரிந்திச்சி. அதனால பிளாஸ்டிக் ஒண்ட அளவா வெட்டிப் போட்டேன். பார்வைக்கி வித்தியாசம் வெளங்காது. ரோட்டுத் தொறந்ததும் மாத்தித் தாறேண்டு சென்னேன். இன்னும் மாத்தல்ல."

"என்கிட்ட அவர் சொல்லவே இல்லையே!"

"தங்கச்சிட தம்பி தந்த சாமானாம். ஒடச்சிட்டேண்டு தெரிஞ்சா மனசு சங்கடப்படுவீங்களாம். சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாரு."

கடை நடுவில் நின்று சிரித்தேன். அழுதேனா சிரித்தேனா, நானாவுக்கே தெரிந்திருக்காது. அந்தத் திருட்டுச் சிரிப்பு! என் முகத்துக்கு நேரே நின்று, "ரொம்பத் தேய்க்காத" என்று —

பிளாஸ்டிக்கின் கீறலைப் பற்பசை தின்னும், கண்ணாடியின் கீறலைத் தின்னாது என்றார் நானா. பிளாஸ்டிக் தோலுக்கு இதமாக இருக்கும்; கண்ணாடி குளிரும். ஞாயிற்றுக்கிழமை நான் தேய்த்தது பிளாஸ்டிக். திங்கள், செவ்வாய், புதன் அவர் வாசல் தாண்டவில்லை, கடை ஒன்றும் திறக்கவும் இல்லை. வியாழன் இருட்டோடு போனார். அப்படியானால் எங்கே மாற்றியிருக்க முடியும்?

"தங்கச்சி கன்னத்துல பட்டது கண்ணாடிதானா? நல்லா வெளங்கிச்சா?" என்று நானா இரண்டு முறை கேட்டார். அழுதுகொண்டிருந்தவள் நான். நிச்சயமாக எப்படிச் சொல்வேன்?

"கையில எடுத்துப் பாத்தா நான் செல்லிருவேன்" என்றார். அப்புறம் பாதிக் கதவு வழியாக வீதியைப் பார்த்தார். இந்த நாளில் யாரும் தானாகப் பொலிசுக்குள் போவதில்லை. உள்ளே போனவன் பெயரை இரண்டு பக்கமும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அவருக்கு மூன்று பிள்ளைகள். நான் ஒன்றும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை.

"நாளைக்கி ஜும்ஆ தொழுதுட்டு வாறேன்" என்றார்.

ஜூலை 28, வெள்ளி

பலீல் நானா வந்தார். வெள்ளைச் சட்டையோடு, பள்ளிவாசலிலிருந்து நேரே. அவர் மனைவி றம்லா வீதி முனைவரை கூடவே வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாள், போங்க என்பதுபோல.

சார்ஜன் உறையை எடுத்துக் கொடுத்தார். நானா முதலில் பின்மூடியைத் திறக்கலாமா என்று கேட்டார். தான் திருத்திய கடிகாரம் என்றால் உள்ளே தன்னுடைய கீறல் அடையாளம் இருக்கும் என்றார். சார்ஜன் மறுத்துவிட்டார். சாமான் நீதவானிடம் போக வேண்டியது. திறந்தால் அவர் மாட்டிக்கொள்வார். வெளியே பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல்லு என்றார்.

நானா சட்டைப் பையிலிருந்து வேறொரு பழைய கைக்கடிகாரம் எடுத்தார். அது பிளாஸ்டிக் போட்டது, ஒப்பிட்டுக் காட்டக் கொண்டுவந்திருக்கிறார். முதலில் அதை உதட்டில் வைத்தார். பிறகு உறையிலிருந்ததை உதட்டில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதைத் தன் முன்பல்லில் மெதுவாகத் தட்டினார்.

டிக்.

மற்றதைத் தட்டினார். டொக்.

மறுபடி. டிக். டொக்.

"சார்ஜன் மாத்தயா, நீங்களே பாருங்க" என்று சிங்களத்தில் சொல்லி இரண்டையும் நீட்டினார். சார்ஜன் ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் அந்தப் பெரிய மனிதர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையில் ஒன்று மறு கையில் ஒன்றாகப் பிடித்துத் தன் பல்லில் தட்டிப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இன்னொரு சமயமென்றால் சிரித்திருப்பேன்.

நானா அனுமதி கேட்டு, ஊசி நுனியால் கண்ணாடியின் விளிம்பு ஓரத்தில் அழுத்தி இழுத்தார். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. தடமே இல்லை. தன்னுடைய பழையதில் இழுத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது.

"இது கண்ணாடி. நடராஜாக்கு நான் போட்டது பிளாஸ்டிக். ஜனவரிக்குப் பிறகு இந்த அளவு கண்ணாடி என்ட கைக்கு வரவே இல்ல."

"வேறெங்காவது மாற்றியிருந்தால்?"

அதற்கு நான் பதில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பற்பசையிலிருந்து வியாழன் விடியற்காலைவரை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிட்டது. சார்ஜன் முடிகிறவரை கேட்டார். பிறகு நானாவிடம் திரும்பி, "இதை நீதவான் முன்னால் சொல்வாயா? உன் பெயர் எழுத வேண்டும்" என்றார்.

நானா சுவரைப் பார்த்தார்.

"செல்லுவேன்" என்றார். "எழுதுங்க. பலீல்."

சார்ஜன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நோனா, செத்தவன் உங்கள் ஆள் இல்லை என்றுதான் இதில் தெரிகிறது. உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரியவில்லை. விளங்குகிறதா?"

விளங்குகிறது. நன்றாக விளங்குகிறது. ஆனாலும் வெளியே வந்ததும் கால் தானாக நடந்தது. காற்று மூக்குக்குள் போவது தெரிந்தது. நானாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 30, ஞாயிறு

மச்சான் கோபித்துக்கொண்டு போய்விட்டார். "வாச்சுக் கண்ணாடிய நம்பி எந்தம்பிக்குக் காரியம் செய்யாம விடுறதா? அவன் ஆத்துமா அலையாதா?" என்று சத்தம் போட்டார். கெட்டவர் இல்லை. தம்பிமேல் உயிர். அவருக்கு இதை முடித்துவிட வேண்டும், முடிந்தால்தான் அவரால் அழ முடியும். அது எனக்குத் தெரிகிறது.

பதில் சொன்னது அத்தைதான். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றார்.

"பெத்தவ நான் இருக்கேன். எம்புள்ள செத்தாம்னு நான் சொல்லல. அவ தாலிய எவளாச்சும் தொட்டா கைய முறிச்சிருவேன். போங்க, போய் அவங்கவங்க சோலியப் பாருங்க."

சனம் கலைந்தது. பந்தலுக்கு வைத்திருந்த வாழை மரத்தை அத்தையே வெட்டி, வாழைத்தண்டுக் கறி வைத்தார். நான்கைந்து நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

பொலிஸ் வாசலில் ஒரு சிங்கள அம்மா காத்திருந்தார். வெள்ளைச் சேலை. சீலவதி என்று பெயர், நாவுலைக்கு அப்பால் ஒரு வயல் கிராமம். என்னைச் சார்ஜன்தான் வரச் சொல்லியிருந்தார், அந்த அம்மா கேட்டுக்கொண்டதால்.

அந்தக் கைக்கடிகாரம் அவருடைய மகனுடையது. அவனும் அரபு நாட்டில் வேலை செய்து போன வருசம் வந்தவன். கண்ணாடி, பட்டி, மூடிக்குள் பலீல் நானாவின் கீறல் அடையாளம் இல்லாதது எல்லாம் நீதவான் முன்னால் ஒத்துப்போய்விட்டது.

அன்று டிக் என்று கேட்டபோது நான் உள்ளுக்குள் கடவுளே, கடவுளே என்று கும்பிட்டேன். செத்தது இந்த அம்மாவின் பிள்ளை என்பதற்கா நான் கும்பிட்டேன்? நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மகளே, நீ கையெழுத்துப் போட்டிருந்தால் என் பிள்ளை உன் புருசன் பெயரில் மண்ணுக்குள் கிடந்திருப்பான். நான் சாகும்வரை இந்த வாசலிலேயே நின்றிருப்பேன். இப்போது அவன் எங்கே படுத்திருக்கிறான் என்று தெரியும். நேற்று போய் விளக்கு வைத்தேன்."

ஓடைக்கரையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மரம் இருக்கிறதா என்று கேட்டேன், எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. ஒரு கும்புக் மரம், நாம் மருது என்கிறது, இருக்கிறதாம், நல்ல நிழலாம்.

இரண்டு பேரும் பஸ் வரும்வரை கையை விடாமல் நின்றோம்.

செப்டெம்பர் 10, ஞாயிறு

வஹகோட்டைக்குப் போனேன். முகாம்களுக்குள் போக அனுமதி வாங்கியிருக்கிற ஃபாதர் ஒருவர் அங்கே வந்துபோகிறார் என்று பாடசாலையில் சொன்னார்கள். வேதக்கோயில் முற்றம் நிறையப் பெண்கள், சிங்களவர், தமிழர், எல்லோர் கையிலும் ஒரு படம். வீட்டார் இன்னும் தேடுகிறவர்களின் பெயரை மட்டும் ஃபாதர் கேட்டுக்கொள்கிறார். செத்துவிட்டார் என்று வீட்டார் ஏற்றுக்கொண்டவர்களைத் தேட அவருக்கு நேரம் இல்லை.

"நடராஜா. லொறி டிரைவர். மாத்தளை" என்று சொன்னேன். என் முறை வந்தபோது, அன்று பொலிசில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். பெயரை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

திரும்பி வரும்போது மழை. பக்கத்தில் இருந்தவள் தன் குடையில் பாதியை எனக்குத் தந்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

ஒன்றும் இல்லை. தீபாவளிக்குப் பாப்பா புதுச்சட்டை வேண்டாம் என்கிறாள். ஹமீமா டீச்சர் கேட்காமலே ஒன்று தைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 26, ஞாயிறு

இருக்கிறார்.

இருக்கிறார் இருக்கிறார் இருக்கிறார்.

ஃபாதர் ஒரு முகாமில் கம்பிக்கு வெளியே நின்று பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார். "மாத்தளை லொறி நடராஜா" என்றதும் உள்ளே மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்ததாம். மெலிந்திருக்கிறார், தாடி வளர்ந்திருக்கிறது, நடக்கிறார். ரோட்டில் கை காட்டி லொறியில் ஏறிய யாரோ இரண்டு பேருக்காக அவரைப் பிடித்திருக்கிறார்கள். யாரென்று அவருக்கே தெரியாது.

அத்தை தரையில் விழுந்து கும்பிட்டார். எழுப்பப் போன நானும் பக்கத்தில் விழுந்தேன். பாப்பா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அப்பா கொழும்புல இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

எல்கடுவைக்கு ஆள் அனுப்பினோம். மச்சான் ஓடி வந்தார். வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் பழையதைப் பேசவில்லை.

1990 ஜனவரி 13, சனி

பார்க்க விட்டார்கள். கொஞ்ச நேரம்தான். அவர் பேசவே இல்லை, நான்தான் பேசினேன். பொங்கலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் என் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கலர் சேலைதான் கட்டியிருந்தேன், நெற்றியில் பொட்டு. "செத்துட்டேன்னு உங்களுக்குச் சொன்னாங்களாம்" என்றார் கடைசியில். "சொன்னாங்க. நாங்க நம்பல" என்றேன்.

பெப்ரவரி 9, வெள்ளி

விட்டுவிட்டார்கள். ஸக்கரியா முதலாளி அதே லொறியில் போய்க் கூட்டிவந்தார்.

குளித்துவிட்டுத் தூங்குகிறார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சத்தமே இல்லாமல்.

இதற்குமேல் எழுத வரவில்லை. நன்றி. யாருக்கெல்லாம் என்று ஆண்டவனுக்குத் தெரியும்.

மார்ச் 4, ஞாயிறு

அவர் வந்துவிட்டார், ஆனால் முழுக்க வந்துசேரவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து சுவரோடு நிற்கிறார். கூப்பிட்டால் கையை உயர்த்துகிறார். சாப்பாட்டில்தான் எனக்கு மனசு கேட்பதில்லை: எதைப் போட்டாலும் தலை குனிந்து சாப்பிடுகிறார். போதும் என்பதில்லை, வேண்டும் என்பதில்லை. சோற்றுக் கோப்பையை விரலால் வழித்துவிட்டு, எழுந்திருக்கலாமா என்று எங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

நான் குறை சொல்லவில்லை. இருக்கிறார். சீலவதி அம்மாவை நினைத்துக்கொள்கிறேன், குறை சொல்ல வாய் வராது.

இன்று பலீல் நானாவும் றம்லாவும் வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். நானா பல்லில் தட்டிய கதையை எல்லாம் நடித்துக் காட்டினார், சார்ஜன் தட்டியதை இன்னும் நன்றாக நடித்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்; அவருடைய நிஜ வாச்சைப் பிடித்த அன்றே ஜீப்பில் பறித்துக்கொண்டார்களாம். பிறகு என்னைப் பார்த்து, "ஒடஞ்சத ஒளிச்சது தப்புதான் சந்திரா" என்றார். "நல்லவேளை ஒளிச்சீங்க" என்றேன். வட்டிலப்பத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மார்ச் 25, ஞாயிறு

சீலவதி அம்மாவின் ஊருக்குப் போய்வந்தோம், அவரும் நானும். அவரே வருகிறேன் என்றார். கும்புக் மரத்தடியில் விளக்கு வைத்தார். அந்த அம்மா அவர் தலையைத் தடவி, முருங்கைக்காய் ஒரு கட்டு கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது என் தோளில் தூங்கிப்போனார். ஒரு ஜீப் எதிரே வந்தது. அவர் விழிக்கவில்லை.

ஏப்ரல் 22, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை அரைத்த தேங்காய்ச் சம்பல். அவர் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்னாம்மா இது? உப்பு மூட்டையவே கொட்டிட்டீங்களா? மனுசன் திங்கிறதா இத?"

பாப்பா கையில் சோற்றுருண்டையோடு அப்படியே இருந்தாள்.

அத்தைதான் முதலில் சமாளித்தார். "ஓகோ, தொரைக்கி ருசி கேக்குதோ? வேணாமுன்னா வேற பண்ணித் திங்கிறது."

"சந்திரா, நீ பண்ணு. பச்சை மொளகாய் ரெண்டு கூடப் போடு" என்றார், எரிச்சலாக.

குசினிக்கு ஓடினேன். தேங்காய் துருவ உட்கார்ந்தால் கண் தெரியவில்லை. பின்னாலேயே அத்தை வந்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "சத்தியமா வேணும்னு போடல புள்ள, கை தவறிருச்சு" என்று கிசுகிசுத்தார். இருவரும் அம்மியைப் பிடித்துக்கொண்டு, வெளியே சத்தம் கேட்காமல் சிரித்தோம்.

புதுச் சம்பலுக்கு அவர் இன்னொரு தடவை சோறு கேட்டார். அதிலும் புளி போதாதாம்.